கன்னத்தில் அடக்கிய சோறு

ஒரு ஷூவைக் கழற்றிவிட்டான். மற்றதன் நாடாவில் கை வைத்தபோது உள்ளே மனைவியின் குரல் கேட்டது.

"ஆ காட்டு சாமி. காட்டலைன்னா அப்பா வந்துருவாரு."

கை அப்படியே நின்றது.

நடைவழி ஜன்னல் பாதி திறந்திருந்தது. திரை இழுத்துவிட்டிருந்தது. அலுவலகக் கூட்டம் ரத்தானதில் இன்று சீக்கிரமே வந்துவிட்டான். அது உள்ளே யாருக்கும் தெரியாது.

முதலில் அவனுக்குச் சந்தோஷம்தான் வந்தது. அப்பா வருவார் என்றால் குழந்தை வாயைத் திறக்கிறது. பாசம்.

தன்னைப் பற்றி நல்லதாக நினைத்துக்கொள்வதில் அவன் கஞ்சத்தனம் காட்டுகிறவன் இல்லை.

"வாயிலயே வெச்சுக்கிட்டு இருக்காத. முழுங்கு. வந்தாருன்னா முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்துக்குவாரு. கையப் புடிச்சுக்குவாரு. அப்புறம் பேசுவாரு. விடவே மாட்டாரு."



பிறகு, வாய் நிறையச் சோற்றோடு ஒரு சின்னக் குரல்.

"அப்பா பேச வேணாம்."

"வேணாமில்ல? அப்ப முழுங்கு."

முழுங்கியது வெளியே வரைக்கும் கேட்டது. அல்லது கேட்ட மாதிரி இருந்தது.

நறுமுகை. அவன் தேடித் தேடி வைத்த பேர். அவனைத் தவிர ஊரே பாப்பு என்றுதான் கூப்பிடுகிறது. இரண்டரை வயது. சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். துப்பவும் மாட்டாள், முழுங்கவும் மாட்டாள். எடை பார்த்த டாக்டர், இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவன் கொள்கை முடிவு எடுத்தான். மனிதவள மேலாளர் அல்லவா.

இனி இந்த வீட்டில் பயமுறுத்திச் சோறு ஊட்டக் கூடாது. பூச்சாண்டி கூடாது. போலீஸ் கூடாது. வாட்ச்மேன், ஊசி, எதிர் வீட்டு நாய், எதுவும் கூடாது. குழந்தையின் கண் மட்டத்துக்கு இறங்கி உட்கார்ந்து, கையைப் பிடித்து, மனம்விட்டுப் பேச வேண்டும்.

அவனே செய்தும் காட்டினான். ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க. கன்னத்தில் சோற்றோடு பாப்பு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவனிக்கிறாள் என்று நினைத்தான்.

மனைவி தலையாட்டினாள். "சரிங்க" என்றாள்.

சரிங்க!

அதன் பிறகு அவன் வேலை முடிந்து வரும்போதெல்லாம் கிண்ணம் காலி. கழுவாமல் எடுத்து வைத்துக் காட்டுவாள். "நீங்க சொன்னாப்புல பேசித்தானுங்க ஊட்டுனேன்."

எடை கொஞ்சம் ஏறியது. இன்னும் ஏற வேண்டும் என்றார் டாக்டர். அவருக்கும் அவன் தன் வழிமுறையை விளக்கினான். வெளியே வரிசை காத்திருந்தது. டாக்டரும் தலையாட்டினார்.

அந்தக் காலிக் கிண்ணத்தை நம்பி அவன் என்னவெல்லாம் செய்துவிட்டான். அபார்ட்மெண்ட் சங்கத்தில் 'குழந்தையோடு உரையாடுவோம்' என்று ஒரு கூட்டம். பொன்னாடை வேறு. முதல் வரிசையில் மனைவி, மடியில் பாப்பு. அவன் மைக்கைப் பிடித்துப் பேச ஆரம்பித்ததும், எதையும் முழுங்காத பாப்பு ஒரு முழு வாழைப்பழத்தை மடமடவென்று முழுங்கினாள்.

சபை கைதட்டியது. மனைவியும்தான்.

பூச்சாண்டியை வேலையைவிட்டுத் தூக்கியவன் அவன். அந்த இடம் காலியாகவே கிடக்கும் என்று நினைத்திருந்தான். மனைவி வீட்டுக்குள்ளேயே ஆள் எடுத்திருக்கிறாள். எடுக்கப்பட்ட ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சரி, அதுகூடப் போகட்டும்.

தினமும் அவன் கதவைத் திறந்ததும் பாப்பு ஓடிப்போய்த் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். கால் இரண்டும் வெளியே தெரியும். அவன் பையைப் போட்டுவிட்டு, "நறுமுகை எங்கே? காணோமே!" என்று சோபாவுக்கு அடியிலெல்லாம் தேடுவான். மனைவி சமையலறை வாசலில் நின்று சிரிப்பாள்.

விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தான்.

 

உள்ளே கிண்ணத்தை வழிக்கும் சத்தம்.

"மறுபடியும் அடக்கிக்கிட்டயா? இன்னும் பாதி இருக்கு கண்ணு. அம்மாவால முடியல சாமி. நெசமாத்தான் சொல்றேன், அப்பா வந்துருவாரு."

இந்தத் தடவை அதில் மிரட்டல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

"அப்பா வல்ல" என்றாள் பாப்பு. தெளிவாக. வாயில் சோறு இருந்தும்.

கிண்ணத்தைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

சாவி அவன் கையில் இருந்தது. கதவைத் திறக்கலாம். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்கலாம். வரிசையாக, ஒன்றையும் விடாமல். அவனுக்குப் பேச வரும்.

சாவியைச் சட்டைப் பையில் போட்டான்.

ஒற்றை ஷூவோடு ஜன்னலை ஒட்டிப் போய் நின்றான். தொண்டையைப் பலமாகச் செருமினான்.

உள்ளே எல்லாம் நின்றது.

"பாத்தியா?" என்றாள் அவள், தானே திடுக்கிட்டவளாக.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

ஒரு வாய் இறங்கியது.

இன்னும் எத்தனை வாய் பாக்கி என்று தெரியவில்லை.

மறுபடியும் செருமினான்.