எருமைப் படமும் பெயரட்டையும்

கலைக்கூடத்தில் கண்காட்சியின் கடைசி நாள். வந்தவர்கள் எல்லோரும் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த பெயரட்டையை நின்று படித்தார்கள். படத்திலிருந்த எருமையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஒருவராவது தன்னை முழுதாகப் பார்க்கமாட்டாரா என்று எருமை ஏங்கியது.

"அப்படி உன்மேல் என்னதான் எழுதியிருக்கிறது?" என்று அட்டையைக் கேட்டது.

"என் முகத்தை நானே எப்படிப் படிப்பது?" என்றது அட்டை.

அப்போது கொசுவைத் துரத்திவந்த பல்லி அட்டைமேல் அப்பிக்கொண்டது. படிக்க வந்த அம்மாள் அது விலகட்டும் என்று காத்திருந்தாள். காத்திருந்தவள் எருமையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னங்க, இங்க வாங்க. இதுக்கு ஒரு காது மட்டும் நனைஞ்சிருக்கு."

"கொசு எதிர்ச்சுவருக்குப் போய்விட்டது. நான் கிளம்பட்டுமா?" என்றது பல்லி.

"கொஞ்சம் இரு," என்றது எருமை. "அவரும் வந்துவிடட்டும்."