இரண்டாவது ஸ்டிக்கர்

"இந்த ரெண்டாவது ஸ்டிக்கர் எதுக்கு தம்பி?"

லொரெட்டா எம்ப்ரி காரின் கண்ணாடியைத் தட்டிக் கேட்டாள். சிவப்பு கார்வெட், வேகத்துக்குப் பேர்போன கார். அடுத்த வருஷத்து மாடல். கம்பெனி ஒட்டி அனுப்பிய விலை எழுபத்திரண்டாயிரம் டாலர். பக்கத்திலேயே எங்கள் ஷோரூம் ஒட்டியது: 'கூடுதலாகப் பதினைந்தாயிரம்.'

"கிராக்கிம்மா. இந்த பௌலிங் கிரீன்லதான் வண்டியே செய்யறாங்க, ஆனா நம்ம ஷோரூமுக்கு வந்தது ஒண்ணே ஒண்ணு. லிஸ்டுல அஞ்சு பேர். முன்னாடி இருக்கிற நாலு பேரும் அதோ நிக்கிறாங்க, நீங்க அஞ்சாவது."

"முதல் ஸ்டிக்கருக்குத்தான் என்கிட்ட இருக்கு. இருபத்தாறு வருஷமா இந்த வண்டிக்கு சீட் தைக்கிறேன். என் சீட்ல உக்காந்து நானே ஒரு நாள் ஓட்டணும்னு ஆசை. பாத்து செய்யேன்."

"சட்டை தைக்கிறவனுக்கு ஓசியில சட்டை தர்றாங்களாம்மா?"

"ஓசியிலயா கேட்டேன்? போட்டிருக்கிற விலைக்குக் கேட்டேன்."

என் வாய் அப்படி. பதினாறு வயசில் பழைய லாரி டயர் விற்றுப் பிழைக்க வந்தவன் நான். பேரத்தில் ஒரு டாலர் இறங்கினாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அவள் சண்டை போடவில்லை. திறந்திருந்த கதவு வழியாகக் கையை விட்டு, சீட்டின் தையலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு நின்றாள்.

கால் மணி நேரம் கழித்து ஒரு ஆள் உள்ளே வந்தான். தலையில், போட்டிக் கம்பெனிக் காரான மஸ்டாங்கின் பெயர் போட்ட தொப்பி. எங்கள் ஊர் கார்வெட் ஷோரூமுக்குள் மஸ்டாங் தொப்பியோடு நுழைவது, கல்யாண வீட்டுக்கு வந்து பெண்ணின் மூக்கைக் குறை சொல்வது மாதிரி.

வந்தவன், வாடிக்கையாளர்களுக்குக் காபியோடு நாங்கள் இலவசமாக வைத்திருந்த டோனட்டையே எடுத்துக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"இதுக்கா எண்பத்தேழாயிரம்? எத்தனை சீட்டு?"

"ரெண்டு," என்றேன்.

"மஸ்டாங்ல நாலு. அதுலயும் இதே எட்டு சிலிண்டர் இன்ஜின்தான். விலை கம்மி. மிச்சக் காசுல ஒரு படகு வாங்கிட்டு நோலின் ஏரியில மீன் பிடிக்கலாம்."

"யோவ், வேகத்துல இதுகிட்ட நிக்குமாய்யா மஸ்டாங்?"

"நிக்காது. ஒத்துக்கிறேன். நீ எங்க ஓட்டப் போற அந்த வேகத்தை? ஸ்காட்ஸ்வில் ரோடு சிக்னல்லயா?"

கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சூடேறியது.

லிஸ்டில் முதல் ஆளான பல் டாக்டர் விட்லோவை அவர் மனைவி முறைத்தாள். "நாலு சீட்டாம். பேத்திங்கள எங்க உக்கார வைப்பீங்க, மடியிலயா?" இருவரும் கிளம்பினார்கள்.

அடுத்த இரண்டு பேர் என்ன படகு வாங்கலாம் என்று பேசிக்கொண்டே போனார்கள். நாலாவது ஆள், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று நாப்கினில் இரண்டு டோனட்டைச் சுற்றிக்கொண்டு நழுவினான்.

முதலாளி ஹாஸ்கின்ஸ் அறையிலிருந்து ஓடி வந்தார்.

"கிளேட்டன்! எங்கய்யா கூட்டம்?"

"கலைஞ்சு போச்சு முதலாளி. லிஸ்டுல இந்தம்மா ஒருத்தர்தான் பாக்கி."

அன்று மாதக் கடைசி. இருக்கிற வண்டி விற்கவில்லை என்றால், அடுத்த மாதம் அனுப்பும் வண்டிகளைக் கம்பெனி குறைத்துவிடும். முதலாளி லொரெட்டாவைப் பார்த்தார். காரைப் பார்த்தார். பிறகு குனிந்து, தன் நகத்தாலேயே இரண்டாவது ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார்.

"கம்பெனி விலைக்கே எடுத்துக்கிறீங்களாம்மா?"

லொரெட்டா கைப்பையைத் திறந்து செக் புத்தகத்தை எடுத்தாள்.

தொப்பிக்காரன் விடவில்லை. "பாவம் இந்தம்மா, ஏமாறப் போவுது. கால் மிதியடியாவது சும்மா குடுங்கய்யா!"

"குடுத்துத் தொலை, கிளேட்டன்!" என்று கத்தினார் முதலாளி.

வண்டி விற்றால் எங்கள் ஷோரூமில் மணி அடிப்போம். அன்று என்னை அடிக்க விடாமல் லொரெட்டாவே அடித்தாள். பிறகு உள்ளே உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்று முறை ஹாரன் அடித்தாள். மெக்கானிக்குகள் எல்லாம் கை துடைத்த துணியோடு ஓடி வந்து விசிலடித்தார்கள். எனக்கே, சொன்னால் வெட்கம், சிரிப்பு வந்துவிட்டது.

ஆனாலும் அந்தப் பதினைந்தாயிரத்தில் என் கமிஷன் போனது போனதுதானே? அந்த ஆளை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதா? வெளியே ஓடினேன்.

எங்கள் ஷோரூமுக்குப் பின்னால், டயர் கடை மறைவில், ஒரு காரைத் திறந்துகொண்டிருந்தான். மஞ்சள் நிறம். பழசு. ஆனால் பளபளவென்று இருந்தது.

கார்வெட்.

"யோவ்! நீ கார்வெட்காரனா? அப்புறம் எதுக்குய்யா இந்த வேஷம்?"

அவன் தொப்பியைக் கழற்றி என் கையில் வைத்தான். எதிர்ப் பெட்ரோல் பங்க் விலைச்சீட்டு இன்னும் அதில் ஆடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு டாலர்.

"காலையில காபி எடுக்க உள்ள வந்தேன். அந்தம்மாகிட்ட நீ பேசினது காதுல விழுந்துச்சு."

"அவங்க உனக்கு என்ன வேணும்?"

"இன்னைக்குத்தான் முதல் தடவையா பாக்கிறேன்." அவன் உள்ளே ஏறி, சீட்டை ஒரு தட்டுத் தட்டினான். "பத்தொம்பது வருஷமா இதுலதான் உக்காந்து ஓட்டறேன். ஒரு தையல்கூட விடலை."