கிரகம் தாண்டிப் பிடிப்பவள்

பொலிஸ் நிலைய வாங்கில் அமர்ந்து ஜெயந்தினி நாவல் படிக்கிறாள். தேயிலைக் கொழுந்து பறித்துக் கறுத்த விரல் பக்கத்தைப் புரட்டுகிறது. அட்டையில், விண்கலமேறிக் குற்றவாளியைத் துரத்தும் ஒரு பெண். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன அக்கா பிணமாகப் பெட்டியில் திரும்பி எட்டு மாதம் ஆகிறது; அனுப்பிய ஏஜண்ட் தலைமறைவு. வெளியே மூடுபனிக்குள் பதுளை பஸ் உறுமிக்கொண்டு மேடேறுகிறது. “அவன் கொழும்புக்கு ஓடிட்டான்மா. எங்கன்னு தேடுறது?” என்று கொட்டாவி விடுகிறார் சார்ஜன்ட்.

“இதுல ஒருத்தி மூணு கிரகம் தாண்டிப் போய்ப் பிடிக்கிறா. அதுக்காகவே நாலு தடவ படிச்சிட்டேன்.”

“அதெல்லாம் கதைம்மா.” அவர் சிரிக்கிறார்.

கசங்கிய காகிதமொன்றை அவள் மேசையில் அறைகிறாள். தேத்தண்ணிக் கோப்பை அதிர்கிறது.

“அவனோட கொழும்பு வீட்டு விலாசம். நேத்து நானே போனேன். வாசல்ல கார் கழுவிக்கிட்டு இருந்தான், சார்.”