பிறந்த வீட்டுச் சேலை

திரையில் அந்தக் குட்டி விமானம் நகரவே இல்லை.

அவனும் கண்ணை எடுக்கவில்லை. சென்னைக்கு இன்னும் நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்றது. கண்ணை மூடி, புரண்டு, மறுபடி பார்த்தால் ஏதோ நூறு குறைந்திருக்கிறது.

விமானமாம், விமானம். மாட்டு வண்டியே தேவலை.

டொரன்டோவில் ஏறி, ஃபிராங்க்ஃபர்ட்டில் மாறி, ஒரு பகலையும் ஒரு இரவையும் வானத்திலேயே தொலைத்தாயிற்று. சாப்பாடு வந்தது, போனது. தொண்டையில் இறங்கினால்தானே?

மடியில் ஒரு துணிப்பை. மேலே வைத்துவிடலாமா என்று கேட்டாள் பணிப்பெண். மாட்டேன் என்று தலையாட்டிவிட்டான்.

உள்ளே மடிப்புக் கலையாத சிவப்புப் பட்டு. அக்காவுக்கு.

மங்கை அக்கா முந்தாநாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அயனாவரத்து வீட்டில், ஐஸ் பெட்டிக்குள் படுத்திருக்கிறாள். புருஷன் இருக்கப் போனவள். பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்து போர்த்தினால்தான் தூக்குவார்கள்.

அப்பா இல்லை. அம்மா இல்லை. பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது இந்தத் தம்பி ஒருவன்தான்.

"நீ வந்து போர்த்துப்பா. அதுவரைக்கும் அவ இங்கதான் இருப்பா" என்று போனில் சொல்லிவிட்டார் அத்தான். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்களாம். மனுஷன் அசையவில்லை.

ஒரே நாளில் ஓடி வந்துவிடுவேன் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் அவளிடம் அளந்தவன் இவன். அவளும் எத்தனை வருஷம்தான் கேட்பாள், பாவம். கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டாள்.

பக்கத்து இருக்கையில் ஒரு தாம்பரத்து அம்மாள். மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறாள். பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அடேங்கப்பா, என்னா கலரு! யாருக்குப்பா கல்யாணம்?"

"எங்க அக்காவுக்கு" என்றான். சேலை யாருக்கு என்பதைத்தான் சொன்னான்; அந்த அம்மாள் கல்யாணம் என்றே எடுத்துக்கொண்டாள்.

"மகராசியா இருக்கட்டும்." அந்த அம்மாள் பட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஒலிபெருக்கி கரகரத்தது. காற்று பின்னாலிருந்து தள்ளுகிறதாம். ஒரு மணி நேரம் முன்னதாகவே இறங்கிவிடலாமாம்.

விமானமே கலகலத்தது. யாரோ கைதட்டினார்கள்.

அப்பாடா என்றுதான் அவனுக்கும் இருந்தது. மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். இறங்கி, காரைப் பிடித்து, அயனாவரம் போய், பெட்டியைத் திறந்து, சேலையைப் போர்த்தி.

அப்புறம்?

அப்புறம் என்ன. பாடை கட்டி, மாலை வாங்கி, வாசலில் மேளத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு எல்லாரும் இவன் ஒருவனுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். இவன் போர்த்திவிட்டுக் கையை எடுத்ததும் அவளைத் தூக்கிவிடுவார்கள்.

இவன் வராதவரைக்கும்தான் அவள் வீட்டில் இருப்பாள்.

"பாத்தியா, நல்ல காரியம்னா காத்தே தள்ளிவிடுது. சீக்கிரமே அக்காகிட்ட போயிடலாம்" என்றாள் அந்த அம்மாள்.

அவன் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினான். அவள் பதறிப்போனாள்.

"கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்கம்மா."