பதினெட்டு புள்ளி நாலு

"பதினஞ்சு பேருக்கு 18.4 வந்திருக்கு. உனக்கு மட்டும் எப்படி 21.2 வரும்?"

ஆனந்தவல்லி மேடம் நாகஜோதியின் பேப்பரைத் தூக்கிக் காட்டினார். லேப் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

கெமிஸ்ட்ரி செமஸ்டர் பிராக்டிகல். பெர்மாங்கனேட்டை எல்லாருக்கும் ஒரே கேனில் இருந்துதான் ஊற்றுவார்கள். அதனால் முதல் டைட்ரேஷன் ரீடிங், அதாவது நிறம் மாற எத்தனை மில்லி இறங்கியது என்ற கணக்கு, எல்லாருக்கும் ஒன்றாகத்தான் வர வேண்டும்.

"மூணு தடவை பண்ணிட்டேன் மேடம். மூணு தடவையும் இதான் வருது."

"அப்ப மூணு தடவையும் தப்பாப் பண்ணியிருக்க."

பக்கத்து டேபிள் காளீஸ்வரி என் காதில் சொன்னாள்: "கூறு கெட்டவ. காலை பேட்ச் பிள்ளைக வேல்யூ சொல்லிட்டுத்தான போனாளுக. அதை எழுதித் தொலைக்க வேண்டியதுதான?"

நாங்கள் அப்படித்தான் எழுதியிருந்தோம். ப்யூரெட் குழாயைத் திறந்து மூடிப் பாவலா காட்டிவிட்டு 18.4 போட்டோம். எங்கள் லேபில் எல்லா பேட்சும் அப்படித்தான். நாகஜோதிக்கும் சொன்னேன். "நான் பண்ணிப் பாக்கேன்ட்டி" என்றாள்.

அவளுக்கு ஏற்கெனவே ஒரு அரியர். இதிலும் போனால் படிப்பு வேண்டாம், மில்லுக்குப் போ என்று அவள் அப்பா சொல்லிவிட்டார்.

ராஜபாளையத்திலிருந்து பரீட்சை நடத்த வந்திருந்த எக்ஸ்டர்னல் சார், "என் முன்னாடி பண்ணும்மா" என்றார்.

நாகஜோதி ப்யூரெட்டை மறுபடி நிரப்பினாள். கடைசியில் சொட்டுச் சொட்டாக விட்டாள். லேசாக ரோஸ் நிறம் வந்து நின்றது. சார் குனிந்து பார்த்தார்.

21.2.

யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம்தான் லேப் அட்டெண்டர் சமுத்திரம் அண்ணன் வாயைத் திறந்தார்.

"மதியத்துக்குக் கேன்ல பத்தல மேடம். நாந்தான் தண்ணி ஊத்திப் பெருக்கி வச்சேன்."

தண்ணீர் கூடினால் பெர்மாங்கனேட் நீர்த்துப் போய் ரீடிங்கும் கூடும். காலையில் வந்த 18.4 மதியம் ஒருத்திக்கும் வந்திருக்க முடியாது.

சார் எங்கள் பேப்பரைப் புரட்டினார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"அம்புட்டுப் பேரையும் ஃபெயில் போட்டா காலேஜுக்குக் கேவலம் சார்" என்றார் மேடம், குரலைத் தாழ்த்தி.

சார் நாகஜோதியிடம் அவள் பேப்பரை நீட்டினார்.

"நீ பண்ணுனதுதான் சரி. ஆனா ஒரே பேட்ச்ல ரெண்டு ரீடிங் இருந்தா மேல கேள்வி வரும். அடிச்சிட்டு 18.4 போட்டுரு. உனக்கு ஒண்ணும் ஆகாது."

"சார், எனக்கு வந்தது..."

"ஏட்டி, போட்டுத் தொலையேன். உன்னால எல்லாருக்கும் போயிரும்." சொன்னது நான்தான்.

அவள் ஒருதடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று இடத்தில் 21.2-ஐ அடித்தாள். மூன்று இடத்தில் 18.4 எழுதினாள்.

ரிசல்ட்டில் நாங்கள் பதினஞ்சு பேரும் பாஸ். நாகஜோதி ஃபெயில்.

ஏன் என்று கேட்கப் போனாள். நானும் கூடப் போனேன். மேடம் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேப்பர் கட்டைப் பிரித்தார். பதினாறு பேப்பரில் அடித்தல் இருந்தது அவளுடையதில் மட்டும்தான்.

அதற்குப் பக்கத்தில் எக்ஸ்டர்னல் சார் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'அளவுகள் மாற்றி எழுதப்பட்டுள்ளன. நேர்மை இல்லை.'