வாளியில் தித்திப்பு

"ஹீட்டர் குழாயில உறையாத திரவம் ஊத்தினா, சூட்டுல தண்ணியவிட அதிகமா விரியும்ணே. விரிவுத் தொட்டியப் பெருசா மாத்துங்க. இல்லேன்னா வால்வு ஒழுகும். அந்தத் திரவம் தித்திக்கும், ஆனா விஷம்" என்று பக்கத்து வீட்டு ஷாய்லோபெக்கிடம் படித்துப் படித்துச் சொன்னேன். குளிர் மலையூரான இந்த நாரினில் குழாய் வேலைதான் என் பிழைப்பு.

"ஒழுகினா வாளி வெச்சுக்கறேன், போம்மா."

வாளியில் சேர்ந்த தித்திப்பை நக்கி என் நாய் அக்தோஷ் செத்தது. "நாய்தானே!" என்று சிரித்தார்.

அக்தோஷை ஆற்றங்கரையில் புதைத்தேன். வால்வு ஒழுகிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் வாளி தினமும் நக்கித் துடைத்ததுபோல் காலியாகக் கிடந்தது.

இன்று தேநீருக்குக் கூப்பிட்டார். "சர்க்கரையே போடலை, என்னமா இனிக்குது!" என்று தனக்கு இன்னொரு கிண்ணம் ஊற்றினார். எனக்கும் ஊற்ற வந்தார். வேண்டாமென்று என் கிண்ணத்தைக் கையால் மூடினேன்.

மேஜைக்கடியில் அக்தோஷ் வாலால் தரையைத் தட்டும் அதே சத்தம் கேட்டது.

"நீங்க குடிங்கண்ணே" என்றேன்.