துடைத்த இலைகள்

காலை வெயில் இன்னும் மரத்தின் உச்சியிலேயே நிற்கிறது. ஏணியின் மூன்றாம் படியில் நின்று, ஆய்வுக்கூடத்துப் பெண் ஓர் இலையை ஈரப் பஞ்சால் துடைக்கிறாள். பஞ்சு வெள்ளையாகவே இருக்கிறது. கைக்கு எட்டும் கிளைகளில் ஓர் இலையில்கூடத் தூசி இல்லை. கீழே பேருந்துகள் புகையைக் கக்கிக்கொண்டு போகின்றன. இந்த மரம் எவ்வளவு தூசியைப் பிடித்துவைக்கிறது என்று அவள் எழுதிக் கொடுத்தால்தான், சாலையை அகலப்படுத்த வருகிறவர்கள் இதை விட்டுவைப்பார்கள். நிழலில் சாவி ராவிக்கொண்டிருக்கும் பூட்டுக்காரர் அரத்தை நிறுத்தி அண்ணாந்து பார்க்கிறார்.

"இன்னிக்குப் பார்க்க வர்றாங்கன்னு சொன்னாங்க. அதான் விடிஞ்சதும் துடைச்சு விட்டேம்மா. பரீட்சைக்குப் போற பிள்ளைய அழுக்கோடயா அனுப்புவாங்க?"

"ஐயோ அண்ணே! அந்த அழுக்குதான் எனக்கு வேணும்."

அவர் முகம் சுண்டிப்போகிறது. அரத்தூள் ஒட்டிய விரல்களைச் சட்டையில் தேய்த்துக்கொள்கிறார். அப்புறம் ஏதோ நினைவு வந்தவராய், கருவிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு வாளியை இழுத்து ஏணியடியில் வைக்கிறார். அதில் ஒரு துணி ஊறுகிறது. தண்ணீர் மையாகக் கறுத்திருக்கிறது.

"இதையா வேருல ஊத்துறதுன்னு மனசு வரலம்மா," என்கிறார்.

அவள் இறங்கி வந்து, அந்தத் தண்ணீரைப் பிடிக்கத் தன் மாதிரிப் புட்டியின் மூடியைத் திறக்கிறாள்.